சப்ஸ்டிடியூஷன் போகிறவர் கையில் ஒரு தாள் கொடுங்கள்

ஓர் ஆசிரியர் லீவ் போட்டால் அவர் வகுப்புக்குப் பதிலாக யார் போக வேண்டும் என்று சொல்லும் சப்ஸ்டிடியூஷன் நோட்டு காலையில் ஸ்டாஃப் ரூமுக்கு வரும். 'மூன்றாவது பீரியட், 8 பி' என்று இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். பாடம் எதுவரை நடந்திருக்கிறது, அங்கே யாரை எப்படிக் கவனிக்க வேண்டும், ஒரு விவரமும் இருக்காது. வகுப்பில் சத்தம் கேட்டால் மட்டும், "அவங்களுக்கு கிளாஸ் கண்ட்ரோல் வராது" என்று ஒரு பேச்சு கிளம்பும்.

கிளாஸ் கண்ட்ரோலில் பாதி, விவரம் தெரிந்திருப்பதுதான். என் வகுப்பில் நான் குரலை உயர்த்தாமல் இருக்க முடிகிறது என்றால் அங்கே எல்லார் பெயரும் எனக்குத் தெரியும். அதே நான் பக்கத்து செக்‌ஷனுக்குப் போனால், "ஏய், மூணாவது பெஞ்ச், நீலப் பை!" தான். பெயர் தெரியாதவரின் அதட்டலுக்கு எந்தப் பிள்ளை பயப்படும்?

ஒரு பீரியட் என்றால் எப்படியோ ஓட்டிவிடலாம். 2021 முதல் தமிழக அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம். நல்ல விஷயம். ஆனால் அந்த இடத்துக்கு வருகிறவருக்கு யார் வகுப்பை ஒப்படைக்கிறார்கள்? 2022-ல் காலிப் பணியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு முதலில் அறிவித்த தொகுப்பூதியம் மாதம் 7,500 ரூபாய். பிறகுதான் உயர்த்தினார்கள். அந்தச் சம்பளத்துக்கு வருகிறவரை முதல் நாளே சாக்பீஸோடு உள்ளே அனுப்பிவிட்டு, தைரியமாக இருங்கள் என்று சொன்னால் தைரியம் வந்துவிடுமா?

நான் கேட்பது ஒரே ஒரு தாள். வகுப்பாசிரியர் ஜூன் மாதமே எழுதி ஹெச்.எம். மேசையில் வைத்துவிடலாம். பெஞ்ச் வாரியாகப் பெயர்கள். வலிப்பு வரும் பிள்ளை யார், காது சரியாகக் கேட்காத பிள்ளை யார். அப்பாவை இழந்து சில மாதமே ஆன பிள்ளை இருந்தால் அதுவும். விவரம் தெரியாதவர், "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிடுவார். (இந்தத் தாளைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி மேசையில் போட்டுவிடக் கூடாது, அது வேறு.) தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பு என்றால் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைகளிலும் யார் யார் என்ற பட்டியல் இல்லாமல் புதியவரால் ஒன்றுமே செய்ய முடியாது.

உள்ளே போனதும் செய்ய வேண்டியதும் பெரிய வித்தை இல்லை. பேசத் தொடங்கும் முன்பே ஒரு வேலையைப் போர்டில் எழுதிவிடுங்கள். கணக்கு வகுப்புக்குத் தமிழாசிரியர் போனால் கணக்கு நடத்த வேண்டாம். நோட்டில் கடைசியாகப் போட்ட கணக்கைப் பிள்ளைகளை விளக்கச் சொன்னாலே போதும், பாதிப் பேர் ஆசிரியராகிவிடுவார்கள். "உங்க சார் வரட்டும், சொல்றேன்" மட்டும் வேண்டவே வேண்டாம். என்னால் முடியாது என்று நாமே அறிவிப்பது அது. பேசுகிறவர்கள் பெயரை லீடரை எழுதவிடுவதும் எனக்குப் பிடிக்காது. அந்தப் பட்டியலில் லீடரின் நண்பன் பெயர் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். பிரம்பு பற்றிப் பேசவே தேவையில்லை, கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதைத் தடை செய்து வருடங்கள் ஆகிவிட்டன.

வெளியே வரும்போது அதே தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிட்டு வாருங்கள்: என்ன செய்தோம், யார் நன்றாகச் செய்தார்கள். லீவ் முடிந்து வருகிறவர் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிப் பாராட்டினால், அடுத்த முறை சப்ஸ்டிடியூஷன் போகிறவருக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.