லிஸ்பன் வெற்றியை அற்புதம் என்று சொல்லாதீர்கள்

ஒவ்வொரு மே 25 அன்றும் கால்பந்து ரசிகர்கள் தவறாமல் பகிரும் படம் ஒன்று உண்டு. 1967, லிஸ்பன் தேசிய மைதானம், ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) தூக்கிப் பிடித்திருக்கும், ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப் கேப்டன் பில்லி மெக்நீல். கூடவே வரும் வாசகமும் பெரும்பாலும் ஒன்றுதான்: பதினொரு பேரும் கிளாஸ்கோவில் செல்டிக் மைதானத்தைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள், மண்ணின் மைந்தர்கள் நிகழ்த்திய அற்புதம். 30 மைல் விஷயம் உண்மைதான். அற்புதம் என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சொல்லால் ஜாக் ஸ்டீன் என்ற ஒரு மனிதரின் பத்து வருட உழைப்பு அப்படியே மறைந்துபோகிறது.

அந்தப் பையன்கள் 1967-இல் திடீரென்று முளைத்தவர்கள் அல்ல. ஜாக் ஸ்டீன் மேனேஜராக வந்தது 1965 மார்ச்சில். லிஸ்பனில் ஆடிய பதினொருவரில் பத்துப் பேர் அதற்கு முன்பே கிளப்பில் இருந்தார்கள். வில்லி வாலஸ் ஒருவரை மட்டும்தான் ஸ்டீன் வெளியிலிருந்து வாங்கினார். சரி, இதே பையன்களை வைத்துக்கொண்டு செல்டிக் அதுவரை என்ன சாதித்தது? 1957 அக்டோபருக்குப் பிறகு பெரிய கோப்பை எதுவும் இல்லை. 1964-இல் கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதியில் (ஊருக்கு ஒன்றாக இரண்டு ஆட்டம், கோல்களைக் கூட்டித்தான் முடிவு), ஹங்கேரியின் எம்.டி.கே. அணியைச் சொந்த மைதானத்தில் 3-0 என்று அடித்துவிட்டு, புடாபெஸ்ட்டுக்குப் போய் 0-4 என்று தோற்று வெளியேறினார்கள். அடுத்த சீசனில் லீகில் எட்டாவது இடம். மண் மட்டும் போதும் என்றால் அப்போதே ஜெயித்திருக்க வேண்டுமே! ஸ்டீன் வந்த அடுத்த மாதமே ஸ்காட்டிஷ் கோப்பை கிடைத்தது. 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது முறை லீக் சாம்பியன்.

யார் இந்த ஸ்டீன்? 1922-இல் லனார்க்‌ஷயரின் பர்ன்பேங்கில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். வாரமெல்லாம் சுரங்க வேலை, சனிக்கிழமை ஆல்பியன் ரோவர்ஸ் என்ற சின்ன கிளப்புக்கு ஆட்டம். நல்ல தடுப்பாட்டக்காரர், அவ்வளவுதான். 1950-இல் வேல்ஸின் லானெல்லி கிளப்புக்குப் போனார். முழுநேர ஆட்டக்காரர் ஆனதே அங்குதான். 1951 டிசம்பரில் செல்டிக் அவரை வாங்கியதுகூட இரண்டாம் அணிப் பையன்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான். முதல் அணியில் வரிசையாகக் காயம் ஏற்பட, இவருக்கு இடம் கிடைத்தது. அப்புறம் அந்த இடத்தை விடவே இல்லை. கேப்டனாகி, 1954-இல் லீகையும் ஸ்காட்டிஷ் கோப்பையையும் ஒரே சீசனில் வென்றார். கணுக்கால் காயம் அவரது ஆட்டத்தை முடித்துவைத்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பத்து வருடம். 1957-இல் செல்டிக்கின் இரண்டாம் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். பதின்ம வயது மெக்நீல் அவர் கைக்கு வந்தது அங்கேதான். ஆனால் செல்டிக் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் தொடங்கிய கிளப், அதுவரை இருந்த மேனேஜர்கள் எல்லோரும் கத்தோலிக்கர்கள், ஸ்டீன் புராட்டஸ்டன்ட். மேலே போக வழி தெரியாத நிலையில், 1960-இல் லீகிலிருந்து கீழே இறங்கும் நிலையில் இருந்த டன்ஃபெர்ம்லைனுக்குப் போனார். முதல் ஆறு ஆட்டங்களையும் வென்று அணியைக் காப்பாற்றினார். மறுவருடமே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி. எதிரணி செல்டிக். முதல் ஆட்டம் 0-0, மறு ஆட்டத்தில் 2-0 என்று வென்றது டன்ஃபெர்ம்லைன். 1962-இல் வலென்சியாவிடம் ஸ்பெயினில் 0-4 என்று அடிவாங்கி வந்த அதே அணி, சொந்த மண்ணில் 6-2 என்று திருப்பிக் கொடுத்தது. 1963-இல் ஸ்டீனும் அப்போதைய கில்மார்னாக் மேனேஜர் வில்லி வாடெலும் இத்தாலிக்குப் போய், இன்டர் மிலானில் ஹெலனியோ ஹெரேரா எப்படிப் பயிற்சி கொடுக்கிறார் என்று நேரில் பார்த்துவிட்டு வந்தார்கள்.

நான்கு வருடம் கழித்து லிஸ்பனில் எதிரே நின்றது அதே ஹெரேரா, அதே இன்டர். 1964, 1965 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி. ஒரு கோல் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொள்வது அவர்கள் பாணி. அன்றும் அதுதான் நடந்தது: ஏழாவது நிமிடத்தில் மாட்சோலா பெனால்டியில் கோல், உடனே மொத்த அணியும் பின்னால். ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்ளும் அந்தத் தடுப்பை உடைக்க ஸ்டீனிடம் திட்டம் இருந்தது. முன்வரிசைக்காரர்கள் தங்கள் இடத்தைவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார்கள்; அவர்களைத் துரத்திய இத்தாலியர்கள் விட்டுப்போன இடத்தில் செல்டிக்கின் பின்வரிசைக்காரர்கள் ஓடிவந்து நுழைந்தார்கள். 63-வது நிமிட கோலைக் கவனியுங்கள். வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் ஜிம் கிரெய்க் கோல் பகுதிக்குப் பக்கத்தில் நிதானமாக நின்று பந்தைப் பின்னோக்கித் தள்ளுகிறார். இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் டாமி ஜெம்மல் ஓடிவந்து அடிக்கிறார். இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் சேர்ந்து போட்ட கோல் அது.

84-வது நிமிடத்தில் பாபி மர்டாக் தூரத்திலிருந்து அடித்த பந்து, வழியில் நின்ற ஸ்டீவ் சால்மர்ஸின் காலில் பட்டு உள்ளே போனது. முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் தோன்றும். பந்து இந்தக் கோணத்தில் வந்தால் சால்மர்ஸ் இங்கே நிற்க வேண்டும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தது அது. இன்டரின் ஸ்பானிய நடுவரிசைக்காரர் லூயிஸ் சுவாரஸ் காயத்தால் ஆடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் இருந்திருந்தாலும் அன்று செல்டிக்கின் கைதான் ஓங்கியிருக்கும் என்பது என் கருத்து.

வியூகம் மட்டும் தெரிந்தவர் அல்ல ஸ்டீன், ஆட்களையும் படித்தவர். செல்டிக்கின் வலப்பக்க முன்வரிசைக்காரர் ஜிம்மி ஜான்ஸ்டனுக்கு விமானம் என்றால் உயிர் போகிற பயம். 1968 நவம்பரில் கிளாஸ்கோவில் ரெட் ஸ்டார் பெல்கிரேட் அணியுடன் ஆட்டம், பாதி நேரத்தில் 1-1. நாலு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டாவது ஆட்டத்துக்கு நீ பெல்கிரேடுக்கு வர வேண்டாம் என்று ஸ்டீன் அவரிடம் சொல்லிவிட்டார். இரண்டாம் பாதியில் ஜான்ஸ்டன் ஆடிய ஆட்டத்தில் 5-1. ஸ்டீனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அற்புதம் இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சி 1970. அரையிறுதியில் இங்கிலாந்தின் லீட்ஸை கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் 1,36,505 பேர் முன்னால் வீழ்த்தி, மீண்டும் ஐரோப்பிய இறுதிக்குப் போனார்கள். எதிரணி நெதர்லாந்தின் ஃபெயனூர்ட். லீட்ஸையே ஜெயித்தாயிற்று, இனி என்ன என்ற மிதப்பு அணியில் இருந்தது. ஸ்டீனும் டச்சுக்காரர்களைக் குறைத்துத்தான் எடைபோட்டார். ஃபெயனூர்ட்டின் மூன்று நடுவரிசைக்காரர்களுக்கு எதிராக செல்டிக்குக்கு இருவர்தான். மிலான் நகரில், கூடுதல் நேரத்தில், 1-2 என்று தோல்வி. 1967-இல் காட்டிய தயாரிப்பு அன்று இல்லை. ஸ்டீனை நான் எவ்வளவு மதித்தாலும் இந்தத் தோல்வியில் பெரும்பங்கு அவருடையது என்றுதான் சொல்வேன்.

1975-இல் பெரிய கார் விபத்து, உயிர் தப்பியதே பெரிது. ஒரு சீசன் முழுக்கப் பொறுப்பில் இல்லை. திரும்பி வந்து 1977-இல் பத்தாவது லீக் பட்டத்தை வென்றார். 1978-இல் செல்டிக்கை விட்டு, லீட்ஸில் வெறும் 44 நாள், பிறகு ஸ்காட்லாந்து தேசிய அணி. 1985 செப்டம்பர் 10, கார்டிஃபில் வேல்ஸுடன் 1-1 டிரா. ஸ்காட்லாந்தின் உலகக் கோப்பை வாய்ப்பு பறிபோகாமல் தப்பியது. ஆட்டம் முடியும் நேரத்தில் சரிந்து விழுந்த ஸ்டீன், மைதானத்தின் மருத்துவ அறையிலேயே இறந்தார். வயது 62. அன்று அவரது உதவியாளராக அருகில் இருந்தவர் அலெக்ஸ் ஃபெர்குசன்.

எனக்கு இன்றுவரை ஆறாதது 1978-தான். பத்து லீக், எட்டு ஸ்காட்டிஷ் கோப்பை, ஒரு ஐரோப்பியக் கோப்பை கொண்டுவந்தவருக்கு கிளப் காட்டிய வேலை, ரசிகர்களிடம் பரிசுச்சீட்டு விற்று நிதி திரட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்வது! இயக்குநர் பதவி என்ற பெயரில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மேனேஜராக மெக்நீல் வந்ததில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இருபது வருடத்துக்கு முன்னால் அதே மெக்நீலை இரண்டாம் அணியில் வைத்து உருவாக்கியவர் இவர்தானே? 55 வயதில் அந்த இளம் பையன்களை மறுபடியும் இவர் கையில் ஒப்படைத்திருக்கலாம்.