கொழுப்பில் எலும்பு முளைக்குமா?

மச்சானுக்குக் கணைக்கால் முறிந்து பத்து மாதமாகிறது. வந்தாறுமூலைக்குக் கிட்ட மோட்டார் சைக்கிளில் வரும்போது மாடு குறுக்கே பாய்ந்தது. பிளேட் வைத்தார்கள், புண்ணும் ஆறிவிட்டது, எலும்புதான் இன்னும் பொருந்தவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தக் கறுப்புக் கோடு அப்படியே கிடக்கிறது. பெரியம்மாவின் பிடிவாதத்தால் நடுவில் முறிவு வைத்தியரிடம் போய்ப் பத்தும் போட்டுப் பார்த்தாயிற்று.

போன கிழமை கட்டாரிலிருந்து யாரோ வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதிலுள்ள மூலக் கலங்களை, அதாவது வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களை, பிரித்து, முறிந்த இடத்தில் ஊசியால் போட்டால் எலும்பு சேர்ந்துவிடுமாம். அக்கா மறுநாளே காணி உறுதியைத் தேடத் தொடங்கிவிட்டாள். "நீ பயோ படிப்பிக்கிறவன்தானே, சொல்லு, இது உண்மையா பொய்யா?" என்று என்னைக் கேட்டாள்.

முழுப் பொய் என்றால் ஒரு வரியில் முடித்திருப்பேன்.

எலும்புக்குள் இருக்கும் மென்மையான மச்சையில் எலும்பாக மாறக்கூடிய கலங்கள் இருப்பதை 1960களிலேயே சோவியத் விஞ்ஞானி பிரீடென்ஸ்டைன் காட்டிவிட்டார். 2001இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் குழு, லிப்போசக்‌ஷனில் உறிஞ்சி வெளியே கொட்டும் கொழுப்பிலும் அதே மாதிரியான கலங்கள் இருப்பதைக் கண்டது. மச்சையில் இவை அரிது. பத்தாயிரம் கலத்துக்கு ஒன்று, சில வேளை லட்சத்துக்கு ஒன்று. வயது போகப் போக இன்னும் குறையும். கொழுப்பில் தாராளமாகக் கிடைக்கும். எங்கள் வயிறுகளில் கொழுப்புக்கு என்ன பஞ்சம்!

ஆனால் எண்ணிக்கை கூடினால் மட்டும் எலும்பு வந்துவிடாது. ஆய்வுகூடத்தில் இரண்டு வகைக் கலங்களுக்கும் டெக்ஸாமெதசோன் என்ற மருந்து, விற்றமின் சி, பொஸ்பேற்று எல்லாம் கொடுத்துச் சில வாரம் வளர்ப்பார்கள். கல்சியம் படிந்திருந்தால் அலிசரின் சாயம் அதைச் சிவப்பாகக் காட்டும். ஒப்பிட்டுப் பார்த்த பல ஆய்வுகளில் மச்சைக் கலங்கள்தான் கூடுதலாகச் சிவந்தன. கொழுப்புக் கலத்தின் கெட்டித்தனம் வேறு. அது புது இரத்தக் குழாய்கள் வளரத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது.

அந்த வீடியோவில் மண்டையோடு உடைந்த ஒரு ஜெர்மன் சிறுமியின் கதையும் வருகிறது. 2004இல் வெளியான உண்மையான சம்பவம். ஏழு வயதுப் பிள்ளை, கொழுப்புக் கலங்களை வைத்தார்கள், மூன்று மாதத்தில் புது எலும்பு தெரிந்தது. அதே சத்திரசிகிச்சையில் அவளுடைய இடுப்பெலும்பையும் அரைத்து வைத்தார்கள் என்பதை மட்டும் வீடியோ சொல்லவில்லை. எலும்பை வளர்த்தது கொழுப்பா, இடுப்பெலும்பா என்று யார் பிரித்துச் சொல்வது?

மச்சைப் பக்கம் ஆதாரம் கொஞ்சம் கூட இருக்கிறது. 2005இல் பிரான்ஸில், மச்சானைப் போலவே கணைக்கால் பொருந்தாத 60 பேருக்கு இடுப்பிலிருந்து மச்சையை உறிஞ்சி, செறிவாக்கி, முறிவில் செலுத்தினார்கள். 53 பேருக்குப் பொருந்தியது. பொருந்தாத ஏழு பேருக்கும் போன கலங்களின் எண்ணிக்கை குறைவு. மச்சை போடாத ஆட்களோடு அந்த ஆய்வு ஒப்பிடவில்லை என்றாலும், நான் மதிக்கிற ஆய்வு அது.

ஆனால் எந்தக் கலத்தைப் போட்டாலும், எலும்பு சேர முறிவு ஆடக்கூடாது, கிருமி இருக்கக்கூடாது, இரத்தம் ஓட வேண்டும். கணைக்காலின் கீழ்ப்பகுதியில் சதையும் குறைவு, இரத்த ஓட்டமும் குறைவு. மச்சான் வயல் செய்கிறவர். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வந்து சேராத வயலில் எத்தனை மூட்டை விதைநெல்லைக் கொட்டினாலும் என்ன முளைக்கும் என்று அவரிடமே கேட்டேன். சிரித்தார். சீனி வருத்தம் இருக்கிறது, நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட்டும் போகிறது. இரண்டுமே எலும்பு பொருந்துவதைத் தாமதப்படுத்துபவை.

எனக்குக் கோபம் விஞ்ஞானத்தின் மேல் இல்லை. ஒரே ஊசியை முழங்காலுக்கும் கண்ணுக்கும் நீரிழிவுக்கும் விற்கிறவர்கள் மேல்தான். புளோரிடாவில் இப்படிக் கண்ணுக்குள் கொழுப்புக் கலங்களைப் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வை இழந்த செய்தி 2017இல் மருத்துவ இதழில் வந்தது.

சரி, அக்காவிடம் சொன்னது இதுதான்: அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் பிளேட் ஆடுகிறதா, உள்ளே கிருமி இருக்கிறதா, இடுப்பெலும்பு எடுத்து வைக்கலாமா என்று கேள். பழைய முறைதான், ஆனால் மற்றதையெல்லாம் இன்றைக்கும் அதோடு வைத்துத்தான் அளக்கிறார்கள். காணி உறுதி திரும்ப அலுமாரிக்குள் போய்விட்டது. மச்சானிடம் சிகரெட் கதையை எடுத்தால் மட்டும், போனைத் திறந்து அந்த வீடியோவை மறுபடியும் போட்டுக் காட்டுகிறார்.