குவெரி ஃபைலுக்கு 'காமன்' என்று பெயர் வைக்காதீர்கள்

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு ரிப்போர்ட்டில் வாடிக்கையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் வரிசையாக 0 வந்தது. எரர் எதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பல மாதம் ஒழுங்காக ஓடிய குவெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை). மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாறிய முதல் வாரமே இப்படி.

இனிஷியலையும் பெயரையும் ஒட்ட இரட்டைச் செங்குத்துக் கோடு (||) போட்டிருந்தோம். குவெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல்லின் 1992 தரநிலைப்படி (எஸ்கியூஎல்-92) அது ஒட்டும் குறிதான். ஆனால் மைஎஸ்கியூஎல், செட்டிங்கை மாற்றாதவரை, அதை 'அல்லது' என்று படிக்கும். இரண்டு பெயரையும் எண்ணாக்கிப் பார்க்கும், இரண்டும் 0, விடையும் 0. அரை நாள் தேடியும் அந்த ஃபைல் பக்கம் யாருமே போகவில்லை. அதன் பெயர் 'காமன்குவெரி'. எல்லா டேட்டாபேஸுக்கும் பொது என்று நம்பிவிட்டோம். உள்ளே இருந்ததோ போஸ்ட்கிரெஸின் பேச்சுவழக்கு. அதை எழுதியவரையும் குறை சொல்ல முடியாது, தரநிலைப்படிதான் எழுதியிருந்தார். பெயர்தான் எங்களை ஏமாற்றியது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம்: டயலெக்டின் (ஒவ்வொரு டேட்டாபேஸும் பேசும் எஸ்கியூஎல் வழக்கின்) பெயர், அந்தக் குவெரி எந்த டேட்டாபேஸுக்குப் புரியும் என்பதை மட்டும் சொல்லவேண்டும். வெர்ஷன், டிரைவர் (டேட்டாபேஸோடு இணைக்கும் மென்பொருள்), ஸ்டோரேஜ் என்ஜின் (தகவலைச் சேமிக்கும் உள்பகுதி) எதையும் அதில் திணிக்கக் கூடாது.

திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவா நிரல்களை டேட்டாபேஸோடு இணைக்கும் ஹைபர்நேட்டின் பழைய டயலெக்ட் பட்டியலைப் பாருங்கள். ஆரக்கிள்8ஐ, 9ஐ, 10ஜி, 12சி என்று தனித்தனி கிளாஸ். மைஎஸ்கியூஎல்5, 55, 57, அப்புறம் 8. இதில் 57 என்றால் 5.7, ஆனால் 8 என்றால் 8.0. மரியாடிபி103 என்றால் 10.3. மைஎஸ்கியூஎல்5இன்னோடிபி என்று என்ஜின் பெயரோடும் ஒன்று இருந்தது. புதிதாக வருபவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2022-இல் வந்த ஹைபர்நேட் 6-இல் இதை ஒழுங்குபடுத்தினார்கள். ஒரு டேட்டாபேஸுக்கு ஒரு டயலெக்ட், வெர்ஷன் அதற்குள் போகும் ஒரு எண். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்பது என் எண்ணம். பைத்தானில் இதே வேலைக்கு இருக்கும் எஸ்கியூஎல்ஆல்கெமியில் டயலெக்டையும் டிரைவரையும் நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டுப் பிரித்து எழுதுகிறோமே, அது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. டிரைவரை மாற்றினால் டயலெக்டைத் தொடவேண்டியதில்லை.

சரி, ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த டேட்டாபேஸ்களை, அந்த நெருங்கிய சொந்தங்களை, என்ன செய்வது? மரியாடிபி, மைஎஸ்கியூஎல்லிலிருந்து 2009-இல் பிரிந்தது. இன்று அதில் இன்சர்ட்டோடு ரிட்டர்னிங் போட்டு, சேர்த்த வரிசையை உடனே திரும்பப் பெறலாம், மைஎஸ்கியூஎல்லில் முடியாது. அமேசானின் டேட்டாபேஸான ரெட்ஷிஃப்டின் அடிப்படை போஸ்ட்கிரெஸ் 8.0.2. ஆன் கான்ஃப்ளிக்ட் (சேர்க்கும் வரிசை ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது என்று சொல்லும் வசதி) போஸ்ட்கிரெஸில் வந்ததோ 9.5-இல். ரெட்ஷிஃப்டுக்கும் போஸ்ட்கிரெஸ் என்றே பெயர் வைத்தால் அது இருக்கும் என்று நம்பி ஒருவர் எழுதுவார், புரொடக்‌ஷனில்தான் தெரியும். ஆகவே தனிப் பெயர் கொடுங்கள். ஒத்துப்போகும் பகுதியை வேண்டுமானால் பகிர்ந்துகொள்ளட்டும்.

இன்னொன்று. கோட் முழுக்க 'மைஎஸ்கியூஎல்லாக இருந்தால்' என்று இஃப் போடுவதை விடுங்கள். ரிட்டர்னிங் உண்டா, ஒட்டும் குறி எது, முதல் பத்து வரிசைக்கு லிமிட்டா, டாப்பா, ஃபெட்ச் ஃபர்ஸ்ட்டா என்று டயலெக்டையே கேளுங்கள். மைஎஸ்கியூஎல்லில் ஒரு செட்டிங் மாறினாலே ஒட்டும் குறி மாறுகிறதே, பிராண்ட் பெயரை மட்டும் வைத்து அதை எப்படித் தெரிந்துகொள்வது?

அந்தக் 'காமன்குவெரி'யை அப்புறம் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்று இரண்டு ஃபைலாகப் பிரித்தோம். பிரிக்கும்போதே அதே வகைத் தவறு இன்னும் நான்கு இடத்தில் அகப்பட்டது.