பண்ருட்டி முந்திரி சங்க காலத்து மரமா?

“பண்ருட்டி முந்திரி சங்க காலத்திலேயே நம் மண்ணில் இருந்தது, சித்த மருத்துவ ஏடுகளிலும் உண்டு” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. சங்கப் பாடல்களில் வருவது பலா. முந்திரி பிரேசில் மரம். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. கொச்சித் தோட்டங்களில் அது இருந்ததை 1578இல் போர்ச்சுக்கீசிய மருத்துவர் கிறிஸ்தோபல் அகோஸ்தா எழுதினார்.

ஏடுகளில் இருப்பது சேராங்கொட்டை. முந்திரிக்கு நெருங்கிய உறவு; அதற்கும் சதைப்பற்றுள்ள காம்பின் நுனியில்தான் கொட்டை. இரண்டின் ஓட்டு எண்ணெயும் தோலைப் புண்ணாக்கும். குழப்பம் இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

முந்திரியின் அந்தக் காரமான ஓட்டுக்குள் தின்னத் தகுந்த பருப்பு இருக்கிறது, சுட்டு எடுக்கலாம் என்று முதலில் அறிந்தவர்கள் பிரேசில் பழங்குடிகள். அவர்களின் பங்கை மறைத்துவிட்டு நாம் பெருமை பேசுவது எனக்கு ஒப்பவில்லை. நம் பெண்கள் கையில் சாம்பல் பூசிக்கொண்டு கொட்டை உடைக்கிறார்களே, அதுவும் அதே எண்ணெய்க்குப் பயந்துதான்.