டிஸ்சார்ஜ் ஆனால் முடிந்துவிடாது

இதயம் நின்று பிழைத்தவர் வீடு திரும்பினால் ஆபத்து நீங்கியது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அப்படியில்லை ஐயா. ஏன் நின்றது என்று தெரியாமல் விட்டால் மறுபடியும் நிற்கலாம். இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்றால் ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்), மாத்திரை. அடைப்பே இல்லையென்றால் எக்கோ (இதய ஸ்கேன்), எம்.ஆர்.ஐ. பார்த்து, பரம்பரைக் கோளாறு என்ற சந்தேகம் வந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். சரிசெய்யக்கூடிய காரணம் கிடைக்காதவர்கள் ஐ.சி.டி. கருவி (உடலில் பதித்து, துடிப்பு ஆபத்தாக மாறினால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்வது) தேவையா என்று கட்டாயம் கேளுங்கள். கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை பக்கம்தானே, ரிவியூ தேதியைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் "இப்போ நல்லாத்தான் இருக்கேன்" என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவது மிகவும் ஆபத்து. ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துவிடலாம்.

வீட்டார் பெரும்பாலும் கவனிக்காதது மூளையை. மறதி, எரிச்சல், அசதி, மனச்சோர்வு எல்லாம் ஆக்சிஜன் போகாத நிமிடங்களின் விளைவாக இருக்கலாம்; சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் இருவராவது சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) பழகுங்கள்: நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ வேண்டும். நினைவில்லாமல் விட்டுவிட்டு மூச்சை இழுப்பது நல்ல மூச்சு அல்ல; உடனே 108-ஐ அழைத்து அழுத்தத் தொடங்குங்கள்.