746-இல் ஒரு ஓட்டு

2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை. சட்டமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணும் நாள். ஊரடங்கு. காட்பாடியில் டீக்கடை கூடத் திறக்கவில்லை. பெரியப்பா காலையிலேயே தினசரிக் காலண்டரில் கிழித்து வைத்திருந்த தாள்களை எடுத்து, பின்பக்கத்தில் பென்சிலால் நடுக்கோடு போட்டு உட்கார்ந்துவிட்டார். இடப்பக்கம் ‘து’, வலப்பக்கம் ‘ரா’. தி.மு.க.வின் துரைமுருகன், அ.தி.மு.க.வின் ராமு. டிவியில் ஒவ்வொரு சுற்று வரும்போதும் எழுதுவார், அழிப்பார். மதியம் பெரியம்மா வைத்த ரசம் ஆறி ஆடை கட்டிவிட்டது.

பெரியப்பா முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1971-இல். துரைமுருகன் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனதும் அந்தத் தேர்தலில், இதே காட்பாடியிலிருந்துதான். 1977-லும் 1980-லும் ராணிப்பேட்டைக்குப் போனார், 1989-இல் காட்பாடியில் மீண்டும் வென்றார், 1996 முதல் 2021 வரை தோல்வியே இல்லை. நடுவே 1984-லும் 1991-லும் தோற்றதை இங்கே பலர் மறந்துவிட்டார்கள். தோற்ற பிறகும் அதே ஊரில் வந்து நின்றதுதான் அவருடைய அரசியல் என்பது என் எண்ணம். 2021 வரை வென்றவை மொத்தம் 10.

அன்று தமிழ்நாடு முழுக்கத் தி.மு.க. 133 இடங்களைப் பிடித்தது. கட்சியின் பொதுச்செயலாளர் துரைமுருகன் மட்டும் சொந்தத் தொகுதியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் 746 ஓட்டில் வென்றார். 2016-இல் வித்தியாசம் இருபதாயிரத்துக்கு மேல். “வயசாச்சு, ஊர்ப்பக்கம் வருவதில்லை” என்று அதற்குக் காரணம் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை.

பாலாறுதான் காரணம் என்று சொல்கிறவர்கள் இன்னும் அதிகம். எத்தனை முறை பொதுப்பணித்துறை அமைச்சர், பிறகு நீர்வளத்துறை அமைச்சர். ஆனாலும் எங்கள் ஆற்றில் மணலாவது மிஞ்சியதா என்று கேட்கிறார்கள். இதில் பாதி அநியாயம். கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் பாலாறு நம்மிடம் வருகிறது. 1892-இல் மைசூர் சமஸ்தானத்தோடு சென்னை மாகாணம் போட்ட ஆற்றுநீர் ஒப்பந்தத்தைக் காட்டி இன்னும் வாதாடுகிறோம். ஆந்திரத்தின் குப்பத்துப் பக்கம் கட்டும் தடுப்பணையை ஒரு காட்பாடிக்காரர் தனியாக நின்று நிறுத்திவிட முடியாது.

மற்றப் பாதிக்கு அந்தச் சாக்கு செல்லாது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்தது நம் எல்லைக்குள்தான். வேலூர்க் குடிமக்கள் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்ன பிறகும் கிணற்று நீரைக் குடிக்க முடியாத ஊர்கள் இருக்கின்றன. லாரி லாரியாக மணல் போனதும் ஒப்பந்தத்தால் அல்ல. இதற்கு எல்லா ஆட்சிக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தத் துறையை அதிக காலம் கையில் வைத்திருந்தவரை முதலில் கேட்பது நியாயம்தானே? 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது, வேடிக்கை பார்க்க ஊரே பாலத்தில் நின்றது. ஆற்றில் தண்ணீர் ஓடுவது எங்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. அதை எழுதவே சங்கடமாக இருக்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்ட்டில் துரைமுருகனுடைய ஐம்பது ஆண்டுச் சட்டமன்ற வாழ்வைப் பாராட்டி அவையில் தீர்மானம் வந்தது. கட்சி வேறுபாடு இல்லாமல் பேசினார்கள், அவர் கண்கலங்கினார். அந்த மனிதரின் நகைச்சுவைக்கு எதிர்வரிசையும் சிரிக்கும் என்பது தெரிந்ததுதான். நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் பேச்சை ரசிப்பது சென்னை, ஓட்டை எண்ணுவது காட்பாடி. மகன் கதிர் ஆனந்துக்கும் அப்படித்தான். 2019-இல் ஏப்ரலில் ரத்தாகி ஆகஸ்ட்டில் நடந்த வேலூர் மக்களவைத் தேர்தலில் அவருடைய வித்தியாசம் 8,141.

சிறிய வித்தியாசம் தொகுதிக்கு நல்லது என்பது என் வாதம். பெரிய வித்தியாசத்தில் என் ஓட்டு கரைந்துபோகிறது. 746-இல் அதற்கு எடை இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, அந்த 746 பேரில் தானும் ஒருவர் என்று சொல்லாதவரை நான் எங்கள் தெருவில் பார்த்ததில்லை. கணக்கெடுத்தால் ஐயாயிரம் தேறும்.

பெரியப்பாவும் சொல்வார். “என்னடா, நான் அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால்?” என்பார். “745 ஆகியிருக்கும் பெரியப்பா” என்றால் கோபம் வரும். அந்தக் காலண்டர் தாள்களை மடித்து, ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருக்கிறார். போன மாதம் எதையோ தேடும்போது பிரித்துப் பார்த்தேன். ஒன்பதாவது சுற்றில் கூட்டலைத் தப்பாகப் போட்டிருக்கிறார். அவர் கணக்குப்படி ராமு ஜெயித்திருக்கிறார். சொல்லாமல் மடித்து வைத்துவிட்டேன்.