இந்த எண்களை இப்படிப் படிக்கக் கூடாது

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களை டிவியில் பார்ப்பவர்கள் குறைந்ததற்கு "ரசிகர்களுக்கு அலுத்துவிட்டது" என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. சரிவு உண்மைதான். நாஸ்காரின் பெரிய பந்தயமான டேட்டோனா 500-ஐ 2006-ல் சராசரியாக 1.9 கோடிப் பேர் பார்த்தார்கள், 2025-ல் சுமார் 67 லட்சம். ஆனால் எந்த எண்ணை எடுத்தாலும் முதலில் மழையைப் பாருங்கள்.

டேட்டோனா போன்ற பெரிய ஓவல் (நீள்வட்ட) தடத்தில் ஓடுவது வரிப்பள்ளம் இல்லாத வழுக்கை டயர். அங்கே வளைவுகளோ 31 டிகிரி சாய்வு. நனைந்தால் வண்டியை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. 2021-ல் 15 சுற்று ஓடியதும் மழை. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, நள்ளிரவு தாண்டித்தான் முடித்தார்கள். பார்த்தவர்கள் 48 லட்சம்தான். இதற்கும் அலுப்புக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்தது சேனல். பந்தயத்தைக் காட்டும் ஃபாக்ஸ் சாதாரண ஆன்டெனாவிலேயே வரும், அதன் விளையாட்டுச் சேனலான எஃப்எஸ்1-க்குக் கட்டணச் சந்தா வேண்டும். அமெரிக்காவில் கேபிளைத் துண்டிக்கும் வீடுகள் கூடக்கூட, எஃப்எஸ்1-க்குப் போகும் பந்தயம் அடிவாங்கும். செப்டம்பரிலிருந்து ஞாயிறுதோறும் போட்டிக்கு என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) வேறு.

உள்ளே இருந்தே வந்த அடியும் உண்டு: நட்சத்திர ஓட்டுநர்களான ஜெஃப் கார்டன் 2015-லும், டோனி ஸ்டூவர்ட் 2016-லும், டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் 2017-லும் முழுநேரப் பந்தயத்திலிருந்து விலகினார்கள். மூன்றே வருடத்தில் மூன்று பெரிய ரசிகர் கூட்டம் போச்சு. (அதே 2017-ல் பந்தயத்தைக் கட்டங்களாக வெட்டியது பலருக்கு இன்னும் ஆறாத கோபம்.)

ஒப்பிடுவதென்றால் அதே பந்தயம், அதே சேனல், மழையில்லாத நாள் என்று எடுங்கள். 2025 செப்டம்பரில், டிவி பார்ப்பவர்களை எண்ணும் நீல்சன் நிறுவனம் கணக்கெடுக்கும் முறையையே மாற்றியிருக்கிறது. அதற்கு முந்தைய எண்ணோடு நேராக வைத்துப் பார்த்தால் தப்பாகும்.